ஸ்டென்ட் வைத்தாச்சு... இனி ஆஸ்பத்திரி எதுக்கு?

"இனிமே புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதா இல்ல வைத்தியரய்யா. ஒங்க மருந்தே போதும்."

எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி இப்படிச் சொன்னதும், ஒரு சித்த வைத்தியன் என்ற முறையில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அடிவயிறு கலங்கியது.

பக்கத்தில் குழந்தையின் அம்மா. ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. எடையைப் பார்த்தால் ஒரு வயதுக் குழந்தைதான். சட்டையை விலக்கினேன். நெஞ்சுக்கு நடுவே நீளமாக ஒரு தழும்பு. கூடவே செங்கல் கனத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி ஃபைல்.

ஃபைலைப் புரட்டினேன். பிறந்த ஒரு மாதத்தில் இதய ஆபரேஷன். ஐந்து மாதம் கழித்து நுரையீரல் சிரைகளில் சுருக்கம். முதல் தடவை பலூன். இரண்டாம் தடவை இரண்டு சிரைகளில் ஸ்டென்ட். மூன்றாம் தடவை அதே ஸ்டென்ட்டுக்குள் மறுபடி பலூன். இப்போது நான்காம் தடவைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"மூணு வாட்டி செஞ்சும் சரியாகலன்னா அப்புறம் எதுக்குய்யா? ஸ்டென்ட் வெச்சா சரியாயிரும்னுதானே சொன்னாங்க?" என்றார் ஆச்சி.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. 'சித்த வைத்தியனுக்கு ஸ்டென்ட்டைப் பத்தி என்ன தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஸ்டென்ட் வைப்பவன் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனசு வெறுத்துப் போனவர்கள் கடைசியில் வந்து ஏறுகிற படி என் படிதான். அதனால் நான் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

மடை அடைத்தால்...

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சுத்த ரத்தம் ஓடுவது தமனி, அசுத்த ரத்தம் ஓடுவது சிரை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நுரையீரலில் காற்றை வாங்கிச் சுத்தமான ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வருவது நுரையீரல் சிரைகள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்று பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். நான்கும் இதயத்தின் இடது மேலறையில் வந்து சேரும்.

வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. வெளியே போகும் மடை அடைத்துக்கொண்டது. என்ன ஆகும்? வயலில் தண்ணீர் தேங்கும், பயிர் அழுகும். நுரையீரல் சிரை சுருங்கினாலும் இதே கதைதான். ரத்தம் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. நீர் கோத்துக்கொள்கிறது. நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப் போகிறது.

யாருக்கு இது வருகிறது? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே. குறைமாதத்தில் பிறந்து, பல நாள் ஆக்ஸிஜனில் இருந்து நுரையீரல் கெட்டுப்போன சில குழந்தைகளுக்கு. இன்னொரு வகையும் உண்டு. நான்கு சிரைகளும் இடது மேலறையில் சேராமல் வேறு இடத்தில் போய்ச் சேரும் பிறவிக் கோளாறு. அதை ஆபரேஷன் செய்து சரியான இடத்தில் இணைப்பார்கள். அப்படி ஆபரேஷன் செய்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பின்னால் சுருக்கம் வருகிறது, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். நம் ஆச்சியின் பேத்தி இந்த வகை.

என் கணக்கில் மூன்று வாரம்

பாளையங்கோட்டையில் படித்து முடித்து, சொந்தமாகப் பலகை மாட்டி உட்கார்ந்த புதிது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்கியது. பால் குடிக்கும்போது நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. 'கணை' என்று முடிவு கட்டினேன். ஆடாதோடை மணப்பாகு கொடுத்தேன். கோரோசனை மாத்திரையைத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தார்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்றார்கள். மருந்தை மாற்றிக் கொடுத்தேன். மறுபடி ஒரு வாரம். மறுபடியும் ஒரு வாரம்.

நான்காம் வாரம் அந்தக் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நுரையீரல் சிரைகள் சுருங்கியிருந்ததை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

முன்பே போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாத நோய்தான் இது. ஆனால் அந்த மூன்று வாரம் என் கணக்கில் இருக்கிறது. அது யார் கணக்கிலும் போகாது. அந்த அப்பா இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

நம் மருத்துவத்தில் தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அதையே இன்னும் கொஞ்சம் நீட்டி, 'என் கையால் தீரும் நோய், இன்னொருவர் கையால் தீரும் நோய்' என்று நானாகப் பிரித்துக்கொண்டது அந்தக் குழந்தைக்குப் பிறகுதான்.

கைக்கடிகாரம் போதும்

பெற்றோர்களே, குழந்தை தூங்கும்போது வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இத்துடன் கவனிக்க வேண்டியவை: பாலை நாலு மடக்கு குடித்துவிட்டு இளைப்பது, குடிக்கும்போது வேர்ப்பது, எடை ஏறாமலே இருப்பது, திரும்பத் திரும்ப 'நிமோனியா' என்று படுப்பது, உதடும் நாக்கும் நீலம் பூப்பது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் சளியில் ரத்தம் வருவது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, நீலம் பூத்தாலோ என்னிடம் வரவே வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று. இந்த நோயில் ஸ்டெத்தாஸ்கோப்பில் இதயச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. எக்ஸ்ரே நிமோனியா மாதிரியே தெரியலாம். எக்கோ எடுக்கும்போது, "நாலு சிரையும் தெரிஞ்சுதா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். எக்கோவில் சரியாகத் தெரியாவிட்டால் சி.டி. ஸ்கேன் இருக்கிறது.

ஸ்டென்ட் என்ன செய்கிறது?

தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரைத் தாண்டி இடது மேலறைக்குள் நுழைந்து, சுருங்கின சிரையின் வாய்க்குப் போகிறார்கள். அங்கே சின்னப் பலூனை ஊதி விரிக்கிறார்கள். விரித்த இடம் மறுபடி சுருங்காமல் இருக்க வலை போன்ற உலோகக் குழாயை நிறுத்துகிறார்கள். அதுதான் ஸ்டென்ட்.

சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் 'சலாகை' என்று ஒன்று உண்டு. உடம்பின் துவாரங்களுக்குள்ளும் புண்ணின் புரைகளுக்குள்ளும் கம்பியை விட்டுச் செய்யும் சிகிச்சை. 'பார்த்தீர்களா, அப்பவே நம்மகிட்ட எல்லாம் இருந்தது' என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. சலாகை எங்கே, துடிக்கிற இதயத்துக்குள் சுவரைத் தாண்டுவது எங்கே! கருவியைக் கையில் எடுப்பது நம் மரபுக்கு விரோதமில்லை என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 1982-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து டாக்டர்கள், குழந்தைகளின் நுரையீரல் சிரைகளைப் பலூன் வைத்து விரித்துப் பார்த்தோம், பலிக்கவில்லை என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். தோல்வி என்று தலைப்பிலேயே போட்டார்கள்! எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் மல்லின்ஸ். குழந்தைகளின் இதயக் கோளாறுகளுக்கு ஸ்டென்ட் வைக்கும் வழியைத் திறந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். தோற்றதை மறைக்காமல் எழுதியதால்தான் அடுத்தவன் அடுத்த படியில் கால் வைக்க முடிந்தது. நம் பக்கத்தில் பலித்ததைப் பத்து பேரிடம் சொல்வோம், பலிக்காததைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

ஏன் மறுபடி அடைக்கிறது?

பெரியவர்களுக்கு மாரடைப்பில் அடைப்பது பெரும்பாலும் கொழுப்பு. குழந்தையின் நுரையீரல் சிரையில் கொழுப்பு கிடையாது. சிரைச் சுவரில் உள்ள செல்களே அளவு மீறிப் பெருகி உள்வழியைக் குறுக்குகின்றன. வெறும் தழும்பு இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கும் வினை. ஸ்டென்ட் வைத்தாலும் அந்த வலைக்கண்கள் வழியாக உள்ளே வளரும்.

அதனால்தான், "மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்தா கரையுமா? பூண்டுப்பால் கொடுத்தா கரையுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில் வைத்திருக்கிறேன். கரைக்க அங்கே கொழுப்பே இல்லை. இந்த அடைப்பைத் திறக்கிற மூலிகை என்னிடம் கிடையாது. 'ஆபரேஷன் இல்லாமல் இதய அடைப்பு நீங்கும்' என்று விளம்பரம் செய்கிறவரிடமும் கிடையாது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 2012-ல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்த ஓராண்டுக்குள் மறுபடி கை வைக்கத் தேவைப்படாமல் இருந்தவை பாதிக்கும் குறைவு. 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான ஸ்டென்ட் கூடுதல் காலம் திறந்திருந்தது. கைக்குழந்தையின் சிரையில் அவ்வளவு பெரிசு எல்லா நேரமும் போகாது. சின்னதுதான் வைக்க முடியும். குழந்தை வளரும், ஸ்டென்ட் தானாக வளராது. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தத் தீபாவளிக்குப் பத்தாத மாதிரி! சட்டையை மாற்றலாம். ஸ்டென்ட்டை உள்ளேயே பெரிய பலூனால் விரிக்க வேண்டும். விரியாத அளவுக்குச் சின்னது என்றால் வேண்டுமென்றே உடைத்து விரிப்பதும் உண்டு.

ஆக, நான்காம் தடவை கூப்பிட்டார்கள் என்றால் மூன்று தடவையும் தோற்றது என்று அர்த்தமில்லை. இந்த நோய்க்கு வைத்தியமே அப்படித்தான். ஆச்சிக்கு நான் இப்படிச் சொன்னேன்: "ஆச்சி, மடையில மண்ணு சேரச் சேர வெட்டி விடுறோம்லா? ஒரு தடவ வெட்டினாச் சோலி முடிஞ்சுதா? வயல் இருக்கிற வரைக்கும் வெட்டணும்."

மடியில் இருந்த பொட்டலம்

"வீட்டில் வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஆச்சி தயங்கித் தயங்கி மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். திரிகடுகு சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி. தேனில் குழைத்துத் தினமும் இரண்டு வேளை, டாக்டருக்குத் தெரியாமல்!

ஃபைலில் அந்தக் குழந்தைக்கு சிரோலிமஸ் என்ற மருந்து எழுதியிருந்தது. செல்கள் பெருகுவதை அடக்கி, மறு அடைப்பைத் தள்ளிப்போடும் என்று சில பெரிய மையங்களில் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? பசிபிக் கடல் நடுவே ஈஸ்டர் தீவில் 1964-ல் அள்ளிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து! சில ஸ்டென்ட்களின் மேல் பூசுகிற பாக்ளிடாக்ஸெல் என்ற மருந்து ஒரு மரத்தின் பட்டையில் முதலில் கிடைத்தது. மண்ணும் மரப்பட்டையும் எனக்கு அந்நியமில்லை. அளவு தெரிந்து, சோதித்து, ரத்தத்தில் அளந்து கொடுப்பதைத்தான் நான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி சோதித்து அளவை நிர்ணயிப்பார்கள். குறைந்தால் பலனில்லை. கூடினால் வாய்ப்புண், தொற்று என்று தொல்லை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற சத்து, சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும். 'துணை மருந்து' என்று நாம் பெருமையாகச் சொல்கிற அதே குணம் இங்கே வினையாகலாம். ரசத்தில் விழுகிற மிளகு வேறு, மருந்தாக வேளை தவறாமல் ஊட்டுவது வேறு. கிரேப்புரூட்டும் அதன் இனமான பம்ப்ளிமாஸ் பழமும் இந்த மருந்தோடு ஆகாது.

ஆச்சியைத் திட்டவில்லை. பாசத்தில் செய்தது. ஆனால் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். "இதக் கொடுத்ததைப் போனவுடனே டாக்டர்கிட்டச் சொல்லிரணும் தாயி. திட்டுவாங்கன்னு மறைக்கக் கூடாது" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாக வாய் திறந்தார். "ஒவ்வொரு வாட்டியும் மயக்க மருந்து கொடுத்து உள்ள கொண்டு போறப்ப, திரும்பி வருமான்னு வாசல்லயே நிக்கேன் ஐயா. இன்னொரு வாட்டி அப்படி நிக்க என்னால முடியாது."

வாசகர்களே, ஸ்டென்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிற நோய் இதுதான். தாயின் களைப்பு.

அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சிகிச்சையில் ரத்தக்கசிவு, சிரை கிழிவது, ரத்தக்கட்டி மூளைக்குப் போவது என்று ஆபத்துகள் உண்டு. அடைப்பு நுரையீரலுக்குள் உள்ள சின்னக் கிளைகள் வரை பரவிவிட்டால் எந்தப் பலூனும் எட்டாது. எல்லாம் செய்தும் பிழைக்காத குழந்தைகள் உண்டு. ஒரு கட்டத்தில் 'போதும்' என்று நிறுத்துவதும் சரியாக இருக்கலாம். ஆனால் அதைக் குழந்தையின் இதய டாக்டரோடு உட்கார்ந்து, படங்களைப் பார்த்து, கேள்வி கேட்டு முடிவு செய்ய வேண்டும். என் மணப்பாகு பாட்டிலைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க நான் ஒரு சாக்காக இருக்க மாட்டேன்.

சக வைத்தியர்களுக்கும், டாக்டர்களுக்கும்

என் சக சித்த வைத்தியர்களே, எடை ஏறாத, மூச்சு வாங்குகிற குழந்தை வந்தால் சவலை, கணை, தோஷம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் மூச்சை எண்ணுங்கள். உதட்டைப் பாருங்கள். ஒரு கடிதம் கொடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். இதனால் நம் கௌரவம் குறையாது.

இதய டாக்டர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்டென்ட் வெச்சா சரியாயிடும்' என்று முதல் நாள் சொல்லாதீர்கள். 'திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். வழி நீளம் என்று தெரிந்து நடக்கிறவர் பாதியில் உட்கார மாட்டார். 'நாட்டு மருந்து கொடுத்தியா?' என்று அதட்டாமல் கேட்டால் உண்மையும் சொல்வார்கள்.

பெற்றோர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தச் சிரையில், எந்தத் தேதியில், எத்தனை மி.மீ. ஸ்டென்ட் என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிரோலிமஸ் சாப்பிடுகிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குழந்தையின் சிகிச்சையில் எது அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு அலுவலரிடம் முதலிலேயே விசாரியுங்கள்.

எனக்கு வேலையே இல்லையா? உண்டு. மலச்சிக்கல், பசியின்மை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டும் பாசிப்பருப்புக் கஞ்சி, தூங்காத அம்மாவின் உடம்பு. இதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன், இதய டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு.

அந்தக் குழந்தை நான்காம் தடவைக்குப் போனது. இடது கீழ்ச் சிரை மூடியே விட்டதாம். இனித் திறக்க முடியாதாம். மற்ற மூன்றும் ஓடுகின்றன. குழந்தை இப்போது என் மேஜையில் இருக்கிற கல்வத்தை உருட்டி விளையாடுகிறாள். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. அடுத்த தேதியும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் வைத்தியசாலைக் காலண்டரிலும் அந்தத் தேதியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முதல் நாள் ஆச்சிக்குப் போன் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதல் வேலையாக அடுத்த தேதி எப்போது என்று கேளுங்கள். காலண்டரில் வட்டம் போடுங்கள்.